மலை பார்க்க வருபவர்களும் மலையில் வாழ்பவர்களும்



இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லைக்குச் சற்றுத் தெற்கே, கம்ப்ரியா என்ற நிலப்பகுதி இருக்கிறது. அதன் நடுவில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்னும் மலைநாடு. பரப்பளவு 2,362 சதுர கிலோமீட்டர். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரம் ஸ்காஃபெல் பைக் இங்கேதான் இருக்கிறது. உயரம் 978 மீட்டர். அந்நாட்டின் மிக நீளமான ஏரி விண்டர்மியரும் இங்கேதான். நீளம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர். 1951-இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர். ஆண்டுதோறும் பார்க்க வருபவர்களோ ஒன்றரைக் கோடிக்கும் மேல்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். சுற்றுலாவைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வருபவர்களைப் பற்றியே பேசுகிறோம்: எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவழித்தார்கள், இன்னும் எத்தனை பேரை வரவழைக்கலாம் என்று. வருபவர்கள் பார்க்கிற அழகை அங்கே வைத்திருப்பது யார் என்று கேட்பதில்லை. லேக் டிஸ்ட்ரிக்டில் பச்சைப் பள்ளத்தாக்கும், கல்வேலியும், மரமற்ற மலைச்சரிவும், சரிவில் புள்ளி புள்ளியாக ஆடுகளும் தெரிகின்றன அல்லவா, அவற்றில் ஒன்றுகூடத் தானாக நிற்கவில்லை. இருநூற்றைம்பது ஆண்டுச் சுற்றுலா வரலாறு கொண்ட அந்த நாடு இந்த உண்மையை மிக மெதுவாக, மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

தொடக்கத்தில் அங்கே யாரும் விரும்பிப் போகவில்லை. ராபின்சன் குரூஸோவை எழுதிய டேனியல் டீஃபோ 1720-களில் பிரிட்டனைச் சுற்றிவந்து ஒரு பயண நூல் எழுதினார். தான் கடந்துவந்த இடங்களிலேயே இந்த மலைப்பகுதிதான் மிகவும் கரடுமுரடானது, விளைச்சலற்றது, அச்சமூட்டுவது என்பது அவருடைய கருத்து. 1769-இல் கவிஞர் தாமஸ் கிரே அதே மலைகளுக்கு வந்தார்; மெய்மறந்து போனார். இடையில் மலை மாறிவிடவில்லை. சுங்கச்சாலைகள் போடப்பட்டிருந்தன. இத்தாலிய நிலக்காட்சி ஓவியங்களை வாங்கி மாட்டும் பழக்கம் செல்வர் வீடுகளில் பரவியிருந்தது. ஓவியத்தில் பார்த்ததை நேரில் தேடும் கண்ணும் அதோடு சேர்ந்து வந்தது. 1793-இல் பிரான்சுடன் போர் மூண்டு ஐரோப்பியப் பயணத்துக்கு வழி அடைபட்டதும், ரோமுக்கும் ஆல்ப்ஸுக்கும் போயிருக்க வேண்டிய கூட்டம் உள்நாட்டு மலைகளுக்குத் திரும்பியது.

கிரேயின் கையில் ஒரு சிறு கண்ணாடி இருந்தது. கறுப்புச் சாயம் ஏறிய, சற்றே குவிந்த முகக்கண்ணாடி. மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடிக்குள் தெரியும் சிறிய, நிறம் மங்கிய பிம்பத்தைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால்தான் அது ஓவியம்போல இருக்கும். கிரே அந்தக் கண்ணாடியைத் திறந்து கையில் வைத்தபடியே ஒரு சந்தில் மல்லாந்து விழுந்து, விரல் முட்டியைக் காயப்படுத்திக்கொண்டதை அவரே குறிப்பில் எழுதியிருக்கிறார். 1778-இல் தாமஸ் வெஸ்ட் என்ற பாதிரியார் முதல் முறையான வழிகாட்டி நூலை வெளியிட்டார். எந்த ஏரிக்கு எந்த இடத்தில் நின்றால் காட்சி நிறைவாக இருக்கும் என்று அவர் இடம் குறித்துக் கொடுத்தார். அப்படிக் குறிக்கப்பட்ட ஓரிடத்தில், விண்டர்மியரின் மேற்குக் கரைக்கு மேலே, 1790-களில் ஒரு மாடமே கட்டினார்கள். கிளேஃப் நோக்குமாடம் என்று பெயர். அதன் சன்னல்களில் வண்ணக் கண்ணாடிகள்: மஞ்சள் வழியாகப் பார்த்தால் கோடை, பச்சை வழியாக வசந்தம், கருநீலம் வழியாக நிலவொளி. பார்வையாளர் எந்தப் பருவத்தில் வந்தாலும் எல்லாப் பருவத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

கெஸ்விக் ஊரில் பீட்டர் கிராஸ்த்வெய்ட் என்பவர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் கீழைக் கடல்களில் பணிபுரிந்துவிட்டு ஊர் திரும்பியவர். 1780-களின் தொடக்கத்தில் அவர் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார், ஏரிகளின் வரைபடங்களை அச்சிட்டு விற்றார், மலைக் கற்களைத் தட்டி இசை எழுப்பும் கருவி ஒன்றையும் செய்துவைத்தார். ஏரிகளில் படகோட்டிகள் பீரங்கி வெடித்துக் காட்டினார்கள். மலைக்கு மலை மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்கவே மக்கள் வந்தார்கள். சிறிய பீரங்கிக்கு ஒரு விலை, பெரிய பீரங்கிக்கு ஒரு விலை. எதிரொலியைக்கூட அளந்து விற்கத் தெரிந்த ஊர் என்றால், இன்று நாம் காணும் சுற்றுலாத் தொழிலின் எல்லா உறுப்புகளும் அன்றே முளைத்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். வழிகாட்டி நூல், நின்று பார்க்கும் இடம், நினைவுப்பொருள், கண்காட்சி, கட்டண வேடிக்கை எல்லாமே இருந்தன. மலையில் ஆடு மேய்த்தவரைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

அவர்களைப் பற்றி முதலில் அக்கறையோடு எழுதியவர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த். 1770-இல் இதே பகுதியின் காக்கர்மவுத்தில் பிறந்தவர். நம் கல்லூரிகளில் ஆங்கிலம் படித்தவர்கள் அவருடைய மஞ்சள் டாஃபடில் மலர்களை, அந்தப் பூவைக் கண்ணால் பார்க்காமலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். அவரும் தங்கை டோரதியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் 1802 ஏப்ரலில் கண்ட மலர்கள் அவை. டோரதி அன்றைய நாட்குறிப்பில் அந்தக் காட்சியை நுணுக்கமாக எழுதிவைத்தார். கவிதை இரண்டு ஆண்டு கழித்துத்தான் பிறந்தது. அண்ணனின் புகழுக்குப் பின்னால் தங்கையின் கண்ணும் கையும் இருந்ததை அந்தப் பக்கங்களைப் படிக்கும் எவரும் உணர்வார்கள்.

வேர்ட்ஸ்வொர்த் ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். 1810-இல் வேறொருவரின் படத்தொகுப்புக்குப் பெயர் போடாத முன்னுரையாக வெளிவந்து, வளர்ந்து, 1835-இல் ஐந்தாம் பதிப்பைக் கண்ட நூல் அது. இங்கே நில், அங்கே பார் என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்குகளின் வடிவத்தைச் சிறு நில உழவர்கள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கினார்கள் என்று விளக்கினார். வெளியூர்ச் செல்வர்கள் வந்து மலைச்சரிவில் கண்ணைக் குத்தும் வெள்ளை மாளிகைகள் கட்டுவதையும், வரிசை வரிசையாக லார்ச் மரம் நடுவதையும் கண்டித்தார். அழகை நேசிப்பவர்கள் எல்லோருக்கும் அந்த நிலத்தில் ஓர் உரிமை உண்டு என்ற கருத்தையும் அந்த நூலில்தான் சொன்னார். நூறாண்டுக்குப் பிறகு தேசியப் பூங்காக்களைக் கேட்டுப் போராடியவர்கள் அந்தக் கருத்தைத்தான் கையில் எடுத்தார்கள்.

ஆனால் எல்லோருக்கும் உரிமை என்று எழுதிய அதே மனிதர், 1844-இல், தம் எழுபத்து நான்காம் வயதில், விண்டர்மியருக்கு வரும் ரயிலை எதிர்த்தார். செய்தித்தாளுக்குக் கடிதங்கள் எழுதினார். ஒரு கவிதையும் எழுதினார். ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை, இயற்கையை ரசிக்கும் பக்குவம் மெல்ல மெல்லத்தான் வரும் என்பது அவர் வாதம். இதை நான் ஏற்கவில்லை. வாரம் ஆறு நாள் லங்காஷயர் பஞ்சாலையில் தூசி தின்றவருக்கு ஒருநாள் மலைக்காற்று வாங்கப் பக்குவச் சான்றிதழ் எதற்கு? ரயில் 1847-இல் வந்தது. அது நின்ற இடத்தில் பர்த்வெய்ட் என்ற சிற்றூர் இருந்தது. அது வளர்ந்து இன்றைய விண்டர்மியர் நகரமாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பாதை விண்டர்மியரோடு முடிந்துவிடுகிறது. ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் வழியாக மலையின் நடுவுக்குள் அது நுழையவே இல்லை. யார் வரலாம் என்ற கேள்வியில் வேர்ட்ஸ்வொர்த் தவறினார். எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்ற கேள்வியை மட்டும் அவர் சரியாகவே எழுப்பினார்.

அடுத்த சண்டை தண்ணீருக்காக. மான்செஸ்டர் நகரம் பஞ்சாலைகளால் வீங்கிக்கொண்டிருந்தது, குடிநீர் போதவில்லை. தேர்ல்மியர் ஏரியில் அணை கட்டி, 96 மைல் கால்வாயும் குழாயும் அமைத்துத் தண்ணீர் கொண்டுபோக அந்நகர மாமன்றம் 1879-இல் சட்டம் பெற்றது. காந்தியடிகளின் வாழ்க்கையைத் திருப்பிய நூலை எழுதினாரே ஜான் ரஸ்கின், அவர் கோனிஸ்டன் ஏரிக்கரையில் குடியேறியிருந்தார், கடுமையாக எதிர்த்தார். ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற இளம் பாதிரியாரும் எதிர்த்தார். அவர்கள் தோற்றார்கள். 1894-இல் தேர்ல்மியர் தண்ணீர் மான்செஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது. நகரத்து ஏழைகளின் குடிநீரை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஏரியின் கதியை யாருமே அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தீர்மானிக்கவில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் விற்றால் அத்தோடு முடிந்தது என்ற பாடம் ரான்ஸ்லியின் மனத்தில் தைத்தது. 1895-இல் அவரும், ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர் இருவரும் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலத்தை வாங்கி மக்கள் பெயரில் என்றென்றைக்கும் வைத்திருப்பதே அதன் வேலை. 1902-இல் டெர்வென்ட்வாட்டர் கரையில் பிராண்டல்ஹவ் என்ற காட்டை அது வாங்கியது. அதற்கான நிதிக்குத் தொழில் நகரங்களின் உழைப்பாளிகளும் சில ஷில்லிங்குகளை அனுப்பினார்கள். வேர்ட்ஸ்வொர்த் பயந்த அதே மக்கள்.

ரான்ஸ்லியிடமிருந்து நான் மிகவும் மதிக்கும் ஒரு பெண்மணிக்கு வருகிறேன். பியாட்ரிக்ஸ் பாட்டர். லண்டனில் பிறந்து வளர்ந்தவர். பதினாறு வயதில் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தபோது ரான்ஸ்லியைச் சந்தித்தார். 1902-இல் வெளிவந்த பீட்டர் ராபிட் கதை அவரை உலகுக்குக் காட்டியது. 1905-இல், புத்தக வருமானத்தையும் அத்தை ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகையையும் கொண்டு, நியர் சாரே கிராமத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். இன்று உலகெங்கிலுமிருந்து, குறிப்பாக ஜப்பானிலிருந்து, மக்கள் வந்து பார்ப்பது அந்தச் சிறு வீட்டைத்தான். வீடு தாங்காது என்பதால் நேரம் குறித்த சீட்டு கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்புகிறார்கள்.

வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களில் பலருக்கு அவருடைய பெரிய வேலை தெரியாது. 1913-இல் உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்த பிறகு அவர் கதைகளைக் குறைத்துக்கொண்டு ஆட்டுப் பண்ணைக்குள் இறங்கினார். 1923-இல் ட்ரவுட்பெக் பள்ளத்தாக்கின் பெரிய மலைப்பண்ணையை வாங்கினார்; அது கட்டடக்காரர்கள் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் அப்போது இருந்தது. 1930-இல் கோனிஸ்டன் அருகே பெரும் நிலப்பகுதி விலைக்கு வந்தபோது, நேஷனல் டிரஸ்டிடம் உடனே பணம் இல்லை என்பதால் தானே முழுவதையும் வாங்கினார். பிறகு பாதியை டிரஸ்டுக்கு விற்றார். டிரஸ்டுக்காகப் பண்ணைகளை மேற்பார்வையும் பார்த்தார். ஹெர்ட்விக் என்ற உள்ளூர் ஆட்டினத்தை வளர்த்துச் சந்தைகளில் பரிசு வாங்கினார். ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவியேற்கும் முன் 1943 டிசம்பரில் காலமானார். 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் அதிலிருந்த பண்ணைகளையும் டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். மலைப்பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

நிலத்தை மட்டும் விட்டுச்செல்பவர்கள் பலர். அவர் நிலத்தோடு ஆட்டையும், ஆட்டோடு குடியானவரையும் சேர்த்துக் காப்பாற்ற நினைத்தார். முயல் கதை விற்ற காசு மலையின் உழைப்புக்குத் திரும்பிப் போனது. சுற்றுலா வருமானம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

ஹெர்ட்விக் ஆட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குட்டி கன்னங்கரேலென்று பிறக்கும். வளர வளர உடம்பு சாம்பல் நிறமாகி முகம் வெளுத்துவிடும். பனியையும் மழையையும் தாங்கும். மலையின் மேல்பகுதி பொது மேய்ச்சல் நிலம். பல இடங்களில் அங்கே வேலி கிடையாது. பல பண்ணைகளின் மந்தைகள் ஒரே மலையில் மேய்கின்றன, ஆனாலும் பெரும்பாலும் கலந்துவிடுவதில்லை. ஒவ்வொரு மந்தைக்கும் மலையில் ஒரு பங்கு உண்டு. தாய் ஆடு தன் குட்டியை அந்தப் பங்கிலேயே வளர்க்கிறது. குட்டி தாயாகித் தன் குட்டிக்கு அதே எல்லையைக் கற்றுத்தருகிறது. அதனால் பண்ணை கைமாறும்போதும் மந்தை மலையைவிட்டுப் போவதில்லை; நிலத்தோடு அடுத்த குடியானவருக்குச் சேர்ந்துவிடுகிறது. வழிதவறிய ஆட்டை உரியவரிடம் சேர்க்கக் காதில் வெட்டுக்குறியும் ரோமத்தில் சாயக்குறியும் உண்டு. எந்தக் குறி எந்தப் பண்ணைக்கு என்று காட்டும் நூல் 1817-லேயே அச்சாகியிருக்கிறது. ஆண்டுதோறும் மேய்ப்பர்கள் கூடி வழிதவறியவற்றைக் கைமாற்றிக்கொள்வார்கள். அவர்களுக்கு அது ஊர்த் திருவிழா.

மலையடிவாரத்தில் சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய வேலிகள் மைல்கணக்கில் ஓடுகின்றன. உறைபனியிலும் மழையிலும் அவை சரியும். சரிந்த இடத்தை யாராவது கையால் எடுத்து அடுக்க வேண்டும். அஞ்சலட்டையில் வரும் அந்தப் படத்தை ஆட்டுக்காரர்கள் இப்படித்தான் ஆண்டாண்டாகப் பழுதுபார்த்து வருகிறார்கள். கம்பளி ரோமத்துக்கு இன்று கிடைக்கும் விலையோ பல ஆண்டுகளில் கத்தரிக்கும் கூலிக்குக்கூடக் காணாது.

உலகம் இதை ஒத்துக்கொள்ளவே நாளாயிற்று. 1980-களில் லேக் டிஸ்ட்ரிக்டை உலக மரபுச் சின்னமாக அறிவிக்கும்படி பிரிட்டன் இருமுறை கேட்டது. இது இயற்கையா, மனிதர் செய்ததா என்று யுனெஸ்கோவால் முடிவு சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னி உருவான நிலத்துக்கு அதன் விதிகளில் அப்போது தனி வகை இல்லை. அந்தத் தடுமாற்றமும் ஒரு காரணமாக, மனிதரும் நிலமும் சேர்ந்து உருவாக்கிய பண்பாட்டு நிலக்காட்சி என்ற புதிய வகையை யுனெஸ்கோ 1992-இல் சேர்த்தது. அந்த வகையில்தான் 2017-இல் லேக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பத்தில் கவிஞர்களுக்கு முன்னால் ஆட்டுப் பண்ணை நின்றது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆனால் அதற்கு முன்பே 2001 வந்து போயிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி நோய் வெடித்தது. நாடு முழுவதும் 2,026 பண்ணைகளில் நோய் உறுதியானது. அவற்றில் 893 கம்ப்ரியாவில். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. மலைப்பாதைகள் அத்தனையும் மூடப்பட்டன. வயல்களில் பிணக்குவியல் எரிந்த புகையை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. விடுதிகள் காலியாயின. குளிர்காலத்துக்காகத் தாழ்நிலப் பண்ணைகளுக்கு அனுப்பியிருந்த இளம் ஹெர்ட்விக் ஆடுகள் பல அங்கேயே அழிக்கப்பட்டன. மலை மந்தைகளும் போயிருந்தால் அந்த எல்லை அறிவைத் திரும்பக் கொண்டுவர வழி ஏது? தாயே இல்லாத மலையில் குட்டிக்கு யார் சொல்லித்தருவார்கள்? மேல்மலை மந்தைகளில் பெரும்பகுதி தப்பியது. நாட்டுப்புறத்தில் சுற்றுலா ஈட்டும் பணம் வேளாண்மையைவிடப் பெரிது என்று அரசாங்கம் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தது. சிலர் அதிலிருந்து, அப்படியானால் ஆடு வேண்டாமே என்ற முடிவுக்குப் போனார்கள். எனக்கு அந்த ஆண்டு வேறொன்றைச் சொல்கிறது. ஆட்டுக்காரரின் வாசல் அடைபட்டவுடன் விடுதிக்காரரின் வாசலும் அடைபட்டது. இரண்டு தொழில்களுக்கும் அடித்தளம் ஒன்றே.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த மலைகள் ஒருகாலத்தில் காடுகள். அளவுக்கு மீறிய ஆடுகள்தான் அவற்றை மொட்டையாக்கின என்று எழுத்தாளர் ஜார்ஜ் மான்பியோ போன்றோர் யுனெஸ்கோ அறிவிப்பையே எதிர்த்தார்கள். அதில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் கடைசிப் பொன்கழுகு ஹாஸ்வாட்டர் ஏரிக்கு மேலே தனித்து வாழ்ந்து, 2015-க்குப் பிறகு காணாமல் போனது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது ஹோனிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341 மில்லிமீட்டர் மழை பெய்தது. பூலி பிரிட்ஜ் ஊரின் இருநூற்றைம்பது ஆண்டுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. சரிவில் மரங்கள் இருந்தால் வெள்ளத்தின் வேகம் மட்டுப்படும். என்னர்டேல் பள்ளத்தாக்கில் ஆடுகளைக் குறைத்து, காட்டையும் ஆற்றையும் தம் போக்கில் விடும் முயற்சி இருபதாண்டாக நடக்கிறது, நல்ல முயற்சி. ஆடு குறையட்டும், மரம் கூடட்டும். ஆனால் அந்த மரத்தை நட்டுக் காப்பவரும் மலையில் பிறந்தவராக இருக்கட்டும்; அவரை வெளியேற்றிவிட்டுக் காடு வளர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நடப்பவர்களின் கால்களும் மலையைத் தேய்க்கின்றன. கெண்டல் நகர நிர்வாகத்தில் பொருளாளராக இருந்த ஆல்ஃபிரட் வெய்ன்ரைட் 1955 முதல் 1966 வரை ஏழு நூல்களில் 214 குன்றுகளைக் கையாலேயே எழுதி, கையாலேயே வரைந்து வெளியிட்டார். அந்த 214-ஐயும் ஏறி முடிப்பதே பலருக்கு வாழ்நாள் விரதமாகிவிட்டது. அத்தனை பேர் நடந்தால் புல் தேய்ந்து, மண் கரைந்து, பாதை ஓடையாகிவிடும். தொண்டர்களும் பூங்கா ஊழியர்களும் சேர்ந்து ஹெலிகாப்டரில் கல் இறக்கி, ஒவ்வொரு கல்லாகப் பதித்துப் பாதையை மீட்கிறார்கள். வழிதவறியவர்களையும் கால் ஒடிந்தவர்களையும் நள்ளிரவில் போய்த் தூக்கிவரும் மலை மீட்புக் குழுக்களில் இருப்பவர்களும் தொண்டர்களே. அழைத்தவரிடம் ஒரு பைசா வாங்குவதில்லை.

விண்டர்மியரில் 2005-இல் மணிக்கு 10 மைல் வேக வரம்பு வந்தது. வேகப்படகுத் தொழில் அழிந்துவிடும் என்று அப்போது பெரிய எதிர்ப்பு. இன்று அந்த ஏரியின் கவலை வேகம் அல்ல, கழிவுநீர். மழைநாளில் வடிகால் நிரம்பி வழிந்து ஏரியில் கலப்பதாலும், சத்துப்பொருள் சேர்ந்து கோடையில் பாசி படர்வதாலும் உள்ளூர் மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். மழைநீரைத் தவிர வேறெதுவும் ஏரியில் சேராத நிலையைக் கொண்டுவருவோம் என்று 2025-இல் அரசாங்கம் வாக்களித்திருக்கிறது. ஏரியைப் பார்க்க வந்தவர்களின் குளியலறைத் தண்ணீரும் அந்த வடிகாலில்தான் போகிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வீடு. ஊரின் அழகில் மயங்கியவர் அங்கே ஒரு வீடு வாங்குகிறார். ஆண்டில் சில வாரம் தங்குகிறார். இன்னொருவர் வீட்டை வாங்கி வாரவாடகைக்கு விடுகிறார். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் குற்றமில்லை. சேர்த்துப் பார்த்தால், சில கிராமங்களில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் நிரந்தரக் குடி இல்லை. குளிர்கால இரவில் விளக்கெரிவதில்லை. விலை உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மூடப்படும். இளைஞர் போய்விட்டால் மீட்புக் குழுவுக்கு ஆள் இராது, கல்வேலி அடுக்கக் கை இராது. விடுதிகளிலேயே சமையலுக்கும் பரிமாறவும் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். வேலை இருக்கிறது, வேலை செய்பவர் தங்க இடமில்லை. புதிதாகக் கட்டும் வீடுகளை உள்ளூரில் வாழ்பவருக்கே என்று பூங்கா நிர்வாகம் நிபந்தனை போடுகிறது. 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை இருமடங்காக்கச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. இவை நல்ல அடிகள். போதுமா என்றால், போதாது என்பதே என் கருத்து. அந்த வரிப்பணம் அந்த ஊரிலேயே வாடகை வீடுகளாக எழ வேண்டும். வருகிறவர் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு சிறு தொகை மலைப்பாதைக்கும் கல்வேலிக்கும் போய்ச் சேர வேண்டும்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலர் நாளை அங்கே போகக்கூடும். பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகும் பெற்றோர் பலர் லேக் டிஸ்ட்ரிக்டை ஒரே நாளில் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு நாளாவது தங்குங்கள். ஊர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்குங்கள். விண்டர்மியர்வரை ரயிலில் போகலாம். அங்கிருந்து கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக்குக்கு ஆண்டு முழுவதும் பேருந்து ஓடுகிறது. இறைச்சி உண்பவர்கள் ஹெர்ட்விக் ஆட்டிறைச்சி கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் நேராக மலைக்குப் போகும். மேய்ச்சல் நிலத்தில் கதவைத் திறந்து போனால் மூடிவிட்டுப் போங்கள். ஹில் டாப்பில் பாட்டரின் வீட்டைப் பார்த்து முடித்ததும், கடையில் முயல் பொம்மை வாங்கும் முன்னால், ட்ரவுட்பெக் பள்ளத்தாக்குக்கும் ஒரு மணி நேரம் போய் அவருடைய ஆட்டுப் பண்ணை நிலத்தில் நடந்துவிட்டு வாருங்கள்.